வீட்டில் கார் சார்ஜ் பாயின்ட்: காசை எர்த்தில் போடுங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு. கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். மீட்டர் தனித்தனி, எங்களுடையது சிங்கிள் பேஸ். 30 யூனிட் பிடிக்கும் பேட்டரி உள்ள மின்சார கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கப்போகிறேன். தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். போர்டிகோவில் வாஷிங் மெஷினுக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்கிறது, அதுவே போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். கார் விற்பவரோ 7 கிலோவாட் சுவர் சார்ஜர் இல்லாமல் சரிவராது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: வாஷிங் மெஷின் பாயின்டும் வேண்டாம், 7 கிலோவாட் சார்ஜரும் வேண்டாம். 16 ஆம்பியர் பாயின்டே உங்களுக்குப் போதும். ஆனால் அது மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனியாக இழுத்த புது லைனாக இருக்க வேண்டும்.

முதலில் 7 கிலோவாட் கணக்கைப் பார்ப்போம். கடலூரிலிருந்து புதுச்சேரி போய்வர, ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் சுமார் 50 கிலோமீட்டர். இந்த அளவு கார் ஒரு யூனிட்டுக்கு ஆறரை, ஏழு கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 8 அல்லது 9 யூனிட். காரோடு வரும் 15 ஆம்பியர் போர்ட்டபிள் சார்ஜர் மணிக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் ஏற்றும். ராத்திரி பத்து மணிக்குச் சொருகினால் ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். அதற்கு எதற்கு 7 கிலோவாட்? அதோடு இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. பழைய மாடல்கள் பலவற்றில் அதன் திறனே 3.3 கிலோவாட்தான். அப்படிப்பட்ட காருக்குச் சுவரில் எவ்வளவு பெரிய பெட்டி மாட்டினாலும் ஒரு நிமிடம்கூட வேகமாக ஏறாது. அந்தப் பணத்தை ஒயரிலும் எர்த்திலும் போடுங்கள்.

சரி, வாஷிங் மெஷின் பாயின்ட் ஏன் கூடாது? வாஷிங் மெஷின் அரை மணி, ஒரு மணி நேரம் ஓடும். அதிலும் விட்டுவிட்டுத்தான் கரண்ட் இழுக்கும். காரோ 15 ஆம்பியரை மணிக்கணக்கில் மூச்சுவிடாமல் இழுக்கும். ஒரு நாள் சார்ஜ் அடியோடு இறங்கிப்போனால் பத்து மணி நேரம்கூடப் போகலாம். 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் மலிவான மாடுலர் சாக்கெட்டுகள் இந்த வேலைக்குத் தாங்காது. உள்ளே பித்தளைப் பட்டை தளரும், தளர்ந்த இடம் சுடும், சுடச்சுட இன்னும் தளரும். கடைசியில் பின் நுழையும் ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும்.

ஒயரும் அப்படித்தான். மெயின் போர்டிலிருந்து போர்டிகோவுக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போக வர 40 மீட்டர். பழைய வீடுகளில் இருக்கும் 1.5 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 1.5 சதுர மில்லிமீட்டர்) தாமிர ஒயரில் 15 ஆம்பியர் ஓடினால், சுவருக்குள் பைப்பிலேயே 100 வாட்டுக்கு மேல் வெப்பமாகப் போகும். 4 ஸ்கொயர் ஒயரில் அது 40 வாட் அளவுக்கு இறங்கிவிடும். அதனால் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் 4 ஸ்கொயர் தாமிரம், நடுவில் எங்கும் ஒட்டு இல்லாமல். பின்னாளில் பெரிய கார் வாங்குவோம் என்று தோன்றினால் இப்போதே 6 ஸ்கொயராக இழுத்துவிடுங்கள், சுவரை மறுபடி உடைக்க வேண்டியிருக்காது. நியூட்ரலைப் பக்கத்து ஃபேன் லைனிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் விடாதீர்கள். இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுக்கவே கூடாது.

பிரேக்கருக்கு வருவோம். 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் பிரேக்கர், போட்டால், வெயில் காலத்தில் பெட்டி சூடாகிப் பாதி ராத்திரியில் தானாக விழும். சி கர்வ் (நொடிநேரம் கரண்ட் எகிறினால் விழாத ரகம்), டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டுவது), 20 ஆம்பியர் போடுங்கள். அந்தச் சாக்கெட்டில் காரைத் தவிர வேறெதையும் சொருகக் கூடாது என்பது இதன் நிபந்தனை. கூடவே கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் ஆர்சிசிபி ஒன்று, 30 மில்லி ஆம்பியரில், அதுவும் டைப் ஏ. இதைக் கடையில் வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள், சும்மா ஆர்சிசிபி என்று கேட்டால் டைப் ஏசியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கார் சார்ஜரில் டிசி கலந்த கசிவு வர வாய்ப்புண்டு. டைப் ஏசி அதை உணராது, சில சமயம் அப்படியே மரத்துப்போய் மற்றக் கசிவுக்கும் விழாது. இதே காரணத்தால், வீட்டுக்கு ஏற்கெனவே டைப் ஏசி ஒன்று இருந்தால் அதற்குப் பின்னாலிருந்து கார் லைனை எடுக்காதீர்கள். மெயின் சுவிட்சிலிருந்தே தனியாகப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள்.

இனி எர்த். நம் பகுதி வீடுகளில் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். காரோடு வரும் சார்ஜர், எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் எர்த் இல்லாமலே ஓடிப் பழகிய வீட்டில், சார்ஜர்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்போது சிலர் ஒரு குறுக்கு வழி செய்வார்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு சின்ன ஒயர்த் துண்டை இணைத்துவிடுவார்கள். உடனே பச்சை விளக்கு எரியும், கார் சார்ஜ் ஏறும், காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு நாள் அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால், காரின் இரும்பு உடம்பு முழுவதும் 230 வோல்ட் நிற்கும். மழையில் நனைந்த தரையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லி, அப்படி ஒரு துண்டு இல்லை என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். எர்த் இல்லாத இடத்தில் சார்ஜரை ஏமாற்றவென்றே விற்கும் அடாப்டர்களும் இதே ரகம்தான்.

எர்த் இருந்தால் மட்டும் போதுமா? எர்த்தின் மின்தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 4.6 ஆம்பியர்தான் வரும். 20 ஆம்பியர் எம்சிபி இதற்கு அசையவே அசையாது. காரில் பேஸ் தட்டினாலும் கரண்ட் பாட்டுக்குப் பாய்ந்துகொண்டிருக்கும். ஆர்சிசிபி கட்டாயம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால் 5 ஓமுக்குள் வர வேண்டும். தேவனாம்பட்டினம் பக்கம் போல மேலே வெறும் மணலாக இருந்தால், சித்திரை வைகாசியில் மேல்மண் காய்ந்து இந்த எண் ஏறிவிடும். அதனால் தாமிரம் பூசிய மூன்று மீட்டர் ராடு, ஈரம் கிடைக்கும் ஆழம் வரைக்கும் இறங்க வேண்டும். ஒன்று போதாவிட்டால் மூன்று மீட்டர் தள்ளி இன்னொன்றை அடித்து இரண்டையும் இணைக்கலாம். கரியும் உப்பும் கொட்டி ஜிஐ பைப் இறக்குவது பழைய முறை. ஏற்கெனவே உப்புக் காற்று அடிக்கும் ஊரில் அந்தப் பைப் சீக்கிரம் அரித்துப்போகும். பென்டோனைட் என்ற களிமண் கலந்த எர்த்திங் பவுடர் போட்டால் ஈரமும் நிற்கும், அரிப்பும் குறையும். குழி, மழைநீர் தேங்கி வடியும் மூலையில் இருந்தால் நல்லது. கோடையில் அதற்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

சாக்கெட்டின் உயரம் பற்றி மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகளிலேயே இருக்கிறது: தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர். நம் ஊருக்கு அது போதாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகி கடலூரின் ஓரப் பகுதிகளுக்குள் புகுந்தது. உங்கள் தெருவில் இதுவரை வந்த அதிகபட்சத் தண்ணீரின் கறை சுவரில் எங்கே இருக்கிறதோ, அதற்கு ஒரு முழம் மேலே வையுங்கள், நான்கரை அடியானாலும் பரவாயில்லை. சார்ஜரைத் தரையில் போடாமல் ஆணியில் மாட்டினால் அதன் கனம் பிளக்கை இழுக்காது. சாக்கெட்டுக்குத் தகரப் பெட்டி போட்டால் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும், மூடி போட்ட பாலிகார்பனேட் பெட்டியாக தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 தரத்தில் வாங்குங்கள். அதே விதிமுறைகள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கார் சார்ஜிங்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. கார் நிற்கும்போது அதன் சார்ஜ் வாய், பாயின்டிலிருந்து ஐந்து மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. காரை எந்தப் பக்கமாக நிறுத்துவீர்கள் என்று முடிவுசெய்த பிறகே சுவரில் துளை போடுங்கள். தண்ணீர் வீட்டுக்குள் ஏறும் என்று தெரிந்தால், அந்த லைனின் பிரேக்கரை முதலில் இறக்கிவிடுங்கள். சாக்கெட் நனைந்துவிட்டால், காய்ந்த பிறகும் மெக்கர் (ஒயரின் காப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் பயன்படுத்த வேண்டாம்.

ஈபி பக்கம் பெரிய தொல்லை இல்லை. சொந்தக் காரை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம், தனி மீட்டர் கட்டாயமில்லை. ஆனால் அனுமதித்த லோடு எவ்வளவு என்று பாருங்கள். ஏசி, ஹீட்டர், மோட்டார், கார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 8 கிலோவாட்டைத் தொடும், அதாவது 35 ஆம்பியர். தெருக் கம்பத்திலிருந்து வரும் சிங்கிள் பேஸ் சர்வீஸ் ஒயரும், மீட்டர் பக்கத்துக் கட்அவுட் ஃப்யூஸும் அதற்குத் தாங்குமா என்பதுதான் கேள்வி. லோடு கூட்ட விண்ணப்பித்துவிடுங்கள், முடிந்தால் த்ரீ பேஸாகவே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் ஏசி ஒரு பேஸில், கார் வேறொரு பேஸில். அதுவரை ஹீட்டர் போடும் நேரத்தில் காரைச் சொருகாதீர்கள். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டாவது கூடும், மேல் ஸ்லாபுக்குப் போய்விடுவீர்கள். பெட்ரோலோடு ஒப்பிட்டால் அப்போதும் லாபம்தான்.

எல்லாம் முடிந்த முதல் ராத்திரி, சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால், பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பெரும்பாலும் ஸ்க்ரூ இறுகாமல் இருக்கும், அல்லது பல இழை ஒயரின் முனையில் லக் என்ற உலோகக் குப்பி போடாமல் அப்படியே திணித்திருப்பார்கள். மல்டிமீட்டர் இருந்தால், கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளக்கச் சொல்லுங்கள். மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஐந்தைத் தாண்டினால் நியூட்ரலிலோ எர்த்திலோ கோளாறு, கண்டுபிடிக்காமல் எலக்ட்ரீஷியனை அனுப்ப வேண்டாம். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். கடல் காற்றில் முனைகள் கறுக்கும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெயினை அணைத்து ஸ்க்ரூக்களை இறுக்கச் சொல்லுங்கள்.