பிரெஞ்சில் ஆடுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துச் சொல் எப்படி மாறும்?

பாலே ஆடும் பெண்ணை பல்லெரின் என்கிறார்களே, ஆணை எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தான்ஸர் என்றால் போதும். பெண்ணுக்கு அதுவே தான்ஸூஸ் ஆகும். பாடகர் ஷான்த்தர், பாடகி ஷான்த்தூஸ் என்று வருகிற அதே வாய்பாடுதான். பல்லெரின் இத்தாலியிலிருந்து வந்த சொல். அங்கே ஆணுக்கு பல்லெரினோ உண்டு, பிரெஞ்சில் நிலைத்தது என்னவோ பெண்பால்தான். இன்று செருப்புக்கடையில் பல்லெரின் கேட்டால் குதி உயராத பெண்கள் ஷூவை எடுத்துப் போடுவார்கள்.

இதுவரை சுலபம். பாரிஸ் ஓப்பராவின் பாலே குழுவில் ஆடுபவர்களுக்கு உள்ள படிநிலைகளுக்குப் போனால்தான் தலை சுற்றும். கத்ரீ, கொரிஃபே, சுஜே, பிரமியே தான்ஸர், எத்துவால் என்று 5 படிகள். நாலாவதில் பெண் வந்தால் பிரமியேர் தான்ஸூஸ் என்று இரண்டு சொல்லும் மாறிவிடும். சுஜே மாறாது: அது ஆண்பால் சொல், அந்தப் படியில் இருக்கும் பெண்ணும் சுஜேதான். உச்சியில் உள்ள எத்துவாலுக்கு நட்சத்திரம் என்று பொருள், சொல் பெண்பால். ஆனாலும் ஆறடி ஆண் ஒருவர் தான்ஸர் எத்துவால் ஆவதில் யாருக்கும் சங்கடமில்லை.

நமக்கு இது விநோதமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் ஆளைப் பார்த்துத்தான் பால் வரும், நட்சத்திரத்தையும் மேசையையும் அஃறிணை என்று ஒதுக்கிவிடுவோம். பிரெஞ்சில் சொல்லுக்கே பால் உண்டு, அது யாரைக் குறிக்கிறது என்பது அப்புறம்தான்.

ஓப்பரா நடனப் பள்ளிச் சிறுமியைப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் செல்லப்பெயர் 'பெத்தி ரா', அதாவது சின்ன எலி. எலி ஆண்பால் என்பதால் சிறுமிக்கும் 'பெத்தி'. அப்படி ஒருத்தியை வைத்து பிரெஞ்சு ஓவியர் தெகா மெழுகில் செய்து 1881இல் காட்சிக்கு வைத்த சிலையின் பெயரிலோ அவள் 'பெத்தீத் தான்ஸூஸ்'. அதே பெண், ஆனால் 'சின்ன' என்ற சொல் மட்டும் மாறிவிட்டது!

நான் அசடு வழிந்தது சைக்கிள் பந்தயத்தில். தூர் த பிரான்ஸ் நேரலை, மலை ஏற்றம், வர்ணனையாளர் 'ஆன் தான்ஸூஸ்' என்கிறார். எந்த நடனக்காரி வந்தாள் என்று திரையைத் துழாவினேன். சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பதற்கு அதுதான் பெயராம், உடம்பு இப்படியும் அப்படியும் ஆடுகிறதே. மிதிப்பது எவ்வளவு தாடிக்காரராக இருந்தாலும் அங்கே தான்ஸர் வராது.