உங்கள் மகள் பைத்தானைத் தானே கட்டட்டும், தடுக்காதீர்கள்

அம்மா, ஒரே நிமிஷத்தில் இறக்கிப் போட்டுக்கொள்ளக்கூடிய பைத்தான் என்ற நிரல் மொழியை, செமஸ்டர் நெருங்கும் நேரத்தில் உங்கள் மகள் மூன்று நாளாக மூல நிரலிலிருந்து, அதாவது அதை உருவாக்கியவர்கள் எழுதிய வரிகளிலிருந்து, தானே கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று வருத்தப்பட்டீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனாலும் அவள் செய்வது வீண் வேலை இல்லை.

பைத்தானை ஓட்டுவதே பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல்தான். லினக்ஸ் இயங்குதளத்தில் அதைக் கட்ட மூன்று கட்டளைகள். 'கன்ஃபிகர்' கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும். 'மேக்' கம்பைல் செய்யும், அதாவது அந்த வரிகளைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும். கடைசியாக இன்ஸ்டால். கேட்க எளிது, சிக்கல் நடுவில்தான் வரும்.

நான் அடிக்கடி பார்ப்பது இது: உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 'மேக்' முடிந்துவிடும், பைத்தானும் ஓடும். ஆனால் கூடுதல் பேக்கேஜ்களைச் சேர்க்கும் 'பிப்' மூலம் எதையாவது இறக்கப் போனால், பாதுகாப்பான இணைய இணைப்புக்கு வேண்டிய எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்று நின்றுவிடும். கட்டும்போது அந்த மாட்யூலுக்குத் தேவையான 'லிப்எஸ்எஸ்எல்-டெவ்' பேக்கேஜ் கணினியில் இல்லாததுதான் காரணம். எந்தெந்த மாட்யூலைக் கட்ட முடியவில்லை என்று 'மேக்' தன் கடைசி வரிகளில் சொல்லியிருக்கும். நிறைய மாணவர்கள் அதைப் படிக்காமலே அடுத்த கட்டளைக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரிகளை நிதானமாகப் படித்து, விட்டுப்போன பேக்கேஜைச் சேர்த்து, திரும்பக் கட்டத் தெரிந்த பிள்ளைக்கு, வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்தப் பழக்கம் கைகொடுக்கும். கோர்ஸில் பணம் கட்டி இதை வாங்க முடியாது.

விண்டோஸில் வழியே வேறு. விஷுவல் ஸ்டுடியோவில் சி++ கருவிகள் வேண்டும், அது பல ஜிபி இடம் பிடிக்கும். அப்புறம் 'பிசிபில்ட்' கோப்புறையிலுள்ள 'பில்ட்.பேட்' கோப்பை ஓட்டினால், எஸ்எஸ்எல்லுக்கு வேண்டிய ஓப்பன்எஸ்எஸ்எல் போன்றவற்றை அதுவே இறக்கிக்கொள்ளும். ஆப்பிளின் மேக் கணினியில் எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகள் போதும், ஓப்பன்எஸ்எஸ்எல்லை ஹோம்புரூ என்ற பேக்கேஜ் கருவி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே கட்டி முடித்ததும் 'பைத்தான்.இஎக்ஸ்இ' என்று ஒரு கோப்பு வந்து நிற்கும். விண்டோஸ் பெயர் இங்கே எப்படி வந்தது என்று அவள் குழம்ப வேண்டாம். மூல நிரலுக்குள் பெரிய எழுத்தில் தொடங்கும் 'Python' என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்புறை இருக்கிறது, சின்ன எழுத்தில் 'python' என்று ஒரு கோப்பு வந்தால் அதோடு மோதும். மேக்கின் கோப்பு முறைமை வழக்கமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது என்பதால்தான் அந்தப் பெயர்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கச் சொல்லுங்கள். உபுண்டுவோடு வந்த பைத்தானை நீக்கவோ அதன்மேல் எழுதவோ கூடாது, அந்தக் கணினியின் சொந்தக் கருவிகள் பல அதை நம்பித்தான் ஓடுகின்றன. 'மேக் இன்ஸ்டால்' வேண்டாம், வெர்ஷன் எண்ணோடு தனிப் பெயரில் வைக்கும் 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' போடட்டும். இல்லாவிட்டால் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும் 'பிரிஃபிக்ஸ்' தெரிவைக் கொடுத்துத் தன் ஹோம் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். பழைய லேப்டாப்தான் என்றால் பைத்தானின் வேகத்தைக் கூட்டும் 'எனேபிள் ஆப்டிமைசேஷன்ஸ்' தெரிவை விட்டுவிடலாம், நேரம் நிறைய மிச்சமாகும். இதற்காகப் புது லேப்டாப் வாங்காதீர்கள்.

சரி, தேர்வு? கல்லூரி லேப் வேலைக்கு ரெடிமேட் இன்ஸ்டாலரே போதும். கட்டும் வேலையைச் சனி, ஞாயிறுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். கேம்பஸ் தேர்வில் டேட்டா ஸ்ட்ரக்சர்தான் கேட்பார்கள், இது அதற்கு மாற்று ஆகாது.

இன்று ராத்திரி சாப்பிடும்போது, "எங்கே நின்றது, ஏன் நின்றது, எப்படிச் சரி செய்தாய்?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. சொன்னதை அப்படியே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் அவள் எடுத்து வரட்டும், ரெஸ்யூமேயில் எதைப் போடலாம் என்று அதை வைத்தே பார்ப்போம்.