கத்தரிப் பாத்தி ஓரத்துல ஓட்டை போடுற பச்சைத் தேனீ: போட்டோவை வெச்சு எதுவரைக்கும் பேர் சொல்ல முடியும்?

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் இருக்கிற சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு அக்கா மூணு போட்டோவும் ஒரு நீளமான கேள்வியும் அனுப்பியிருக்காங்க. வீட்டுக்குப் பின்னாடி சரிவுல கத்தரிப் பாத்தி, அதை ஒட்டி புல்லு முளைக்காத செம்மண்ணு, அதுல மூணு நாலு மில்லிமீட்டர் அகலத்துல ஏகப்பட்ட ஓட்டை, அரிசி மணி சைஸ்ல பச்சையா மினுங்குற ஒரு பூச்சி உள்ள போய்ட்டு வந்துட்டு இருக்கு, களை எடுக்கும்போது முழங்கையில உக்காந்து வேர்வையை நக்குதாம். போன் ஆப் 'ஆகபோஸ்டெமான்'னு காட்டுது, பக்கத்து வீட்டு அங்கிள் 'மொபானி தேனீ'ன்னு அடிச்சு சொல்றாரு, வீட்டுக்காரர் எறும்புப் பவுடர் வாங்கி வெச்சுட்டு நிக்கிறாரு. "இது என்ன தேனீ, கரெக்டான ஸ்பீஷீஸ் பேர் வேணும், தனியா வாழுதா கூட்டமா, பேரப்பிள்ளைங்க விளையாடுற இடம், கொட்டுமா?"ன்னு கேக்குறாங்க.

அக்கா, முதல்ல அந்தப் பவுடர் டப்பாவை திறக்க வேண்டாம்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, அதுக்கு ஸ்பீஷீஸ் பேர் தெரியணும்னு அவசியமே இல்ல. இது ஹாலிக்டிடே குடும்பம், அதாவது வேர்வைத் தேனீ. அதுக்குள்ள ஹாலிக்டஸ்ங்கிற ஜெனஸ் (பேரினம்), அதுக்குள்ள செலடோனியாங்கிற சப்ஜெனஸ் (துணைப் பேரினம்). இவ்வளவுதான் உங்க போட்டோ தாங்கும். அதுக்குக் கீழ ஸ்பீஷீஸ் பேரை யாராவது இந்த மூணு படத்தைப் பாத்து உறுதியா சொன்னா அவங்க குத்துமதிப்பா சொல்றாங்கன்னு அர்த்தம், ஏன்னு கீழ சொல்றேன்.

ஆப் சொன்னதை முதல்ல தள்ளிடலாம். ஆகபோஸ்டெமான் அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும் இருக்கிற ஜெனஸ், இங்க கிடையவே கிடையாது. அதே மாதிரி 'ஆகோகுளோரா'ன்னு காட்டினாலும் நம்பாதீங்க, அந்தக் கூட்டமே அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம்தான். அமெரிக்காவுல போட்டோ எடுத்துப் போடுறவங்க ஜாஸ்தி, அதனால ஆப்புக்கு பச்சைத் தேனீன்னா அதுதான் ஞாபகம் வருது, அது ஆப்போட தப்புன்னு கூட சொல்ல முடியாது. லொகேஷனை ஆன் பண்ணி வெச்சுட்டு 'பக்கத்துல பாத்தது மட்டும்'ங்கிற ஆப்ஷனைப் போட்டுப் பாருங்க, லிஸ்ட் உடனே மாறும்.

அங்கிள் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, ஏன்னா மொபானி தேனீயும் வேர்வைக்கு வரும், லிம்போபோ பக்கம் போனவங்களுக்குத் தெரியும், கண்ணு மூக்குன்னு ஒண்ணு விடாது. ஆனா அது கொடுக்கில்லாத தேனீ, கறுப்பு, மூணு நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும், ரெக்கையில நரம்பு ரொம்பக் கம்மி, மரப்பொந்துல இல்லைன்னா சுவத்து இடுக்குல கூட்டமா இருந்து தேன் சேக்கும். உங்களோடது மண்ணுல தனித்தனியா ஓட்டை போடுது, உடம்புல பச்சை மினுக்கு இருக்கு, வயித்துல வெள்ளைப் பட்டை இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்க வாய்ப்பே இல்ல.

பச்சையா மினுங்குற எல்லாம் வேர்வைத் தேனீயும் இல்ல, வேர்வைக்கு வர்ற எல்லாம் தேனீயும் இல்ல. பூ ஈன்னு ஒரு வகை இருக்கு, அதுவும் கையில உக்காந்து நக்கும், ஆனா ஈக்கு ரெண்டே ரெக்கை, மீசை (உணர்கொம்பு) குட்டையா இருக்கும், கண்ணு மூஞ்சி முழுக்க அடைச்சுட்டு இருக்கும். கண்ணாடி மாதிரி பளபளன்னு பச்சை நீலமா, முடியே இல்லாம, தொட்டா சுருண்டுக்கிட்டா அது குயில் குளவி. இன்னொண்ணு செராடினா, சின்ன தச்சுத் தேனீ, இதுதான் நிறைய பேரை ஏமாத்தும், அதுவும் பச்சை, சைஸும் அதேதான், ஆனா வயித்துல முடிப்பட்டை இருக்காது, மூஞ்சியில வெளிர் நிறத்துல ஒரு கோடோ புள்ளியோ இருக்கும், மண்ணுல கூடு கட்டாது, காஞ்ச குச்சிக்குள்ள நடுத்தண்டைக் குடைஞ்சுட்டு இருக்கும்.

இப்ப குடும்பம் எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்றேன். உங்க மூணாவது படத்துல ஒரு ரெக்கை விரிஞ்சு இருக்கு, அதிர்ஷ்டம். முன் ரெக்கையோட நடுப்பகுதியில மேல இருந்து கீழ ஒரு குறுக்கு நரம்பு வரும், பேசல் வெயின்னு சொல்வோம், மத்த குடும்பங்கள்ல அது பெரும்பாலும் நேரா இல்லைன்னா லேசா சாஞ்சு இருக்கும், ஹாலிக்டிட்ல, அதாவது ஹாலிக்டிடே குடும்பத் தேனீயில மட்டும் அடிப்பக்கமா நல்லா வளைஞ்சு இறங்கும். பழகிட்டா ஒரு பார்வையிலயே தெரியும். ரெண்டாவது படத்துல மகரந்தம் இருக்கு பாருங்க, பின்னங்கால் தொடையிலயும் வயித்துக்கு அடியிலயும் காஞ்ச தூளா ஒட்டியிருக்கு. வளர்ப்புத் தேனீ அப்படிக் கொண்டு போகாது, அது ஈரமா உருட்டி காலோட கீழ்ப்பகுதியில ஒரு உருண்டையா வெச்சுக்கும். மகரந்தம் சுமக்குதுன்னா அது பெண்ணுங்கிறதும் தெரிஞ்சுடுச்சு.

ஜெனஸுக்கு வரும்போதுதான் கொஞ்சம் நிதானமாப் பாக்கணும். தென்னாப்பிரிக்காவுல தேனீ இனம் ஆயிரத்துக்கு மேல இருக்கு, அதுல ஹாலிக்டிட் பெரிய பங்கு, லேசியோகுளோசம்னு ஒரே ஒரு ஜெனஸை எடுத்தா உலகம் முழுக்க 1,700க்கு மேல ஸ்பீஷீஸ், தேனீயிலயே பெரிய ஜெனஸ் அதுதான். அதையும் ஹாலிக்டஸையும் பிரிக்கிறதுதான் முதல் வேலை. வயித்துல ஒவ்வொரு வளையத்துலயும் வெள்ளை முடிப்பட்டை எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. வளையத்தோட பின் ஓரத்துல, விளிம்பை ஒட்டி இருந்தா ஹாலிக்டஸ் பக்கம். முன்பக்கம், அதாவது முந்தின வளையத்துக்கு அடியில இருந்து எட்டிப் பாக்குற மாதிரி இருந்தா லேசியோகுளோசம். முடி உதிர்ந்த கிழட்டுத் தேனீயில இது வேலைக்காகாது, அப்ப ரெக்கைக்குத்தான் திரும்பணும்: லேசியோகுளோசம் பெண்ணுக்கு ரெக்கையோட வெளிப்பக்க குறுக்கு நரம்புங்க மத்த நரம்பை விட மெலிஞ்சு, மங்கலா இருக்கும், ஹாலிக்டஸ்ல எல்லாம் ஒரே தடிமன். உங்களோடதுல பட்டை பின் விளிம்புலதான் இருக்கு, நரம்பும் தடிமனா இருக்கு, தலையும் நெஞ்சும் பித்தளை கலந்த பச்சை. அந்த உலோக மினுக்கோட சேர்த்தா செலடோனியா.

இங்க இருக்கிற ஹாலிக்டிட்ல மத்ததையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன், அடுத்த தடவை உதவும். படெல்லாபிஸ்னு ஒண்ணு, பெரும்பாலும் கறுப்பு, அதுல ஒரு பிரிவுக்கு மஞ்சளான பட்டை. நோமியா, லிப்போட்ரிகஸ் கூட்டத்துல ஆணோட பின்னங்கால் வீங்கி கோணலா இருக்கும், நோமியாவுல சிலதுக்கு வயித்துப் பட்டை முடி இல்ல, முத்து நிறத்துல எனாமல் பூசின மாதிரி தோலே மின்னும். அஞ்சு மில்லிமீட்டருக்குக் கீழ, பச்சையும் மஞ்சளுமா கோலம் போட்டிருந்தா நோமியாய்டினே. வயிறு ரத்தச் சிவப்பா இருந்து காலுல மகரந்தம் வைக்கிற முடியே இல்லைன்னா அது ஸ்ஃபெகோடஸ், திருட்டுத் தேனீ, உழைக்காது, உங்க பச்சைத் தேனீயோட ஓட்டைக்குள்ள போய் முட்டை வெச்சுட்டு வரும், ஓட்டைக்கு மேல தாழ்வா சுத்திட்டே இருக்கும், ஒரு நாள் பாத்துடுவீங்க.

பேர்ல ஒரு குழப்பம் இருக்கு, அதையும் சொல்லாம விட்டா நெட்ல தேடும்போது தலை சுத்தும். சில நிபுணர்கள் செலடோனியாவை ஹாலிக்டஸுக்குள்ள ஒரு சப்ஜெனஸா வைக்கிறாங்க, சிலர் தனி ஜெனஸாவே பிரிச்சுட்டாங்க. 1853-ல ஃப்ரெடரிக் ஸ்மித் பேர் வெச்ச ஹாலிக்டஸ் ஜுகுண்டஸ் ஒரு இடத்துல அப்படியே இருக்கும், இன்னொரு இடத்துல செலடோனியா ஜுகுண்டான்னு இருக்கும், ரெண்டும் ஒரே பூச்சிதான். நான் சப்ஜெனஸாதான் எழுதுறேன், பழக்கம். சஹாராவுக்குத் தெற்க இருக்கிற ஆப்பிரிக்காவுக்குன்னே 2010-ல ஒரு ஜெனஸ் கீ (அடையாளத்தை ஒவ்வொண்ணா பாத்து ஜெனஸைக் கண்டுபிடிக்கிற வழிகாட்டி) வந்துச்சு, ஃப்ரீயா டவுன்லோட் பண்ணலாம், படம் நிறைய, பொறுமை இருந்தா உக்காந்து பாருங்க.

சரி, உங்களோடது அந்த ஜுகுண்டஸா? இருக்கலாம், இந்த நாட்டுல பரவலா இருக்கிற செலடோனியா அதுதான், அதனால முதல் சந்தேகம் அது மேல போறது நியாயம். ஆனா சந்தேகம் வேற, முடிவு வேற. ஸ்பீஷீஸைப் பிரிக்கிற விஷயம் எல்லாம் நெஞ்சு மேல இருக்கிற புள்ளிக்குழி எவ்வளவு நெருக்கம், நெஞ்சோட பின்பகுதியில வரிவரியா இருக்கிற சுருக்கம் எதுவரைக்கும் போகுது, தலை அகலமா நீளமா, இந்த மாதிரி. மைக்ரோஸ்கோப் இல்லாம தெரியாது. பெண்ணுல அடங்கலைன்னா ஆணைப் பிடிச்சு அதோட பிறப்புறுப்பைப் பாக்கணும், அதுவும் பத்தலைன்னா டிஎன்ஏ பார்கோடு, சிஓஐ ஜீன்ல 658 எழுத்துள்ள ஒரு துண்டைப் படிச்சு ஒப்பிடுவாங்க.

அதுக்காக நீங்க ஒண்ணையும் கொல்ல வேண்டாம். ஜன்னல் ஓரத்துல செத்துக் கிடந்தா ஒரு தீப்பெட்டியில பஞ்சு வெச்சு போட்டு, தேதி, இடம், எந்தப் பூவுல பாத்தீங்கங்கிறதை பென்சில்ல எழுதி உள்ளயே வைங்க, லேபிள் இல்லாத பூச்சி எவ்வளவு அழகா இருந்தாலும் மியூசியத்துக்குப் பிரயோஜனம் இல்ல. இயற்கை ரிசர்வுக்குள்ள மட்டும் எதையும் எடுத்துடாதீங்க, அங்க பெர்மிட் வேணும்.

போட்டோதான்னா, மேல இருந்து வயிறு முழுக்கத் தெரியிற மாதிரி ஒண்ணு, மூஞ்சி நேரா ஒண்ணு, பக்கவாட்டுல கால் தெரிய ஒண்ணு, ரெக்கை விரிஞ்ச ஒண்ணு. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி உடம்பு குளிர்ந்து மெதுவா இருக்கும், அப்ப எடுங்க. ஆணையும் தேடுங்க: ஒல்லியா, மீசை நீளமா, மூஞ்சியோட கீழ்ப்பகுதி மஞ்சளா இருக்கும், மகரந்தம் சுமக்காது, உங்க கொத்தமல்லி பூத்திருந்தா அது மேல சுத்தும்.

தனியா வாழுதா கூட்டமான்னு கேட்டீங்க. ஓட்டை பக்கத்துல பக்கத்துல இருந்தாலும் ஒரு ஓட்டைக்கு ஒரு பெண்ணுன்னா தனிதான், ஒரே தெருவுல இருக்கிறதால ஒரே குடும்பம் ஆகிடாது. ஆனா ஹாலிக்டஸ் ஜெனஸ்ல சிலது சேந்தும் வாழும். ஒரு ஓட்டையை அரை மணி நேரம் பாருங்க, ரெண்டு மூணு பெண்ணு ஒரே வாசல்ல போய் வந்தா, இல்ல ஒருத்தி தலையால வாசலை அடைச்சுட்டு மத்தவ வந்தா வழி விட்டா, அது கூட்டுக்குடித்தனம். உள்ள ஒவ்வொரு அறையிலயும் தண்ணி புகாத மாதிரி தன் உடம்புல சுரக்கிறதைப் பூசி, மகரந்த உருண்டை வெச்சு, அது மேல ஒரு முட்டை இட்டு மூடிடும்.

கொட்டுமான்னா, பெண்ணு கொட்டும், அதுவும் சட்டைக்குள்ள மாட்டினா, விரலால நசுக்கினாதான். வலியை நாலு வரைக்கும் அளக்கிற ஸ்மிட் அளவுல வேர்வைத் தேனீக்கு 1, வளர்ப்புத் தேனீக்கு 2. கூட்டமா வந்து தாக்காது, காப்பாத்த தேன் இல்ல. வேர்வையில இருக்கிற உப்புக்குத்தான் கைக்கு வருது, ஊதி விட்டா போய்டும். பிள்ளைங்க செருப்பு போட்டுட்டு விளையாடட்டும், அலர்ஜி இருக்கிற பிள்ளைன்னா மட்டும் ஓட்டை இருக்கிற பக்கம் விடாதீங்க.

கத்தரிக்கு வருவோம். கத்தரிப் பூவுல மகரந்தம் நுனியில சின்ன துளை வழியாத்தான் கொட்டும், தேனீ பூவைப் பிடிச்சு உடம்பை அதிர விடணும், வளர்ப்புத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஹாலிக்டிட்ல நிறைய இனத்துக்குத் தெரியும், கென்யாவுல கத்தரியில பண்ணின ஒரு ஆய்வுல பெரிய தச்சுத் தேனீயோட சேத்து மாக்ரோநோமியாங்கிற ஹாலிக்டிட்டும் முக்கியமா வந்துச்சு. உங்க பச்சைத் தேனீ அதைப் பண்ணுதான்னு காலையில பூ பக்கத்துல காதை வெச்சா கேக்கும், உக்காந்ததுக்கு அப்புறமும் 'ஸ்ஸ்ங்'ன்னு விட்டு விட்டு ஒரு சத்தம். அந்தச் செம்மண் பட்டையை மட்டும் கொத்தாம, மல்ச் போடாம, குழாய்த் தண்ணி தேங்காம விட்டுடுங்க, செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் அங்க நடமாட்டம் இருக்கும். ஆண் படம் கிடைச்சா அனுப்புங்க அக்கா, மூஞ்சி தெளிவா இருக்கணும்.