டர்பனை விட்டுப் போகிறோம்: ஜோகன்னஸ்பர்கா, கேப்டவுனா?

கேள்வி: நான் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கணவர் உம்லாசியைச் சேர்ந்த ஜூலு. திருமணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 6. என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கு 73. கணவருடைய கம்பெனி டர்பன் கிளையை மூடுகிறது. ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறார்கள். அடுத்த ஜனவரிக்குள் போயாக வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் தெருமுனையில் காவல் நின்றவர்கள், அதே தெருவில் பத்து வருடமாகக் குடியிருக்கும் என் கணவரை நிறுத்தி, "யார் வீட்டுக்குப் போகிறாய்?" என்று கேட்டார்கள். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. அம்மாவுக்குக் கோயில் வேண்டும், தமிழ் பேச நாலு பேர் வேண்டும். மகளோ, "என்னைப் பார்த்து 'நீ என்ன ஆள்?' என்று கேட்காத ஊருக்குப் போகலாம்" என்கிறாள். எந்த ஊர் எங்களை ஏற்றுக்கொள்ளும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டர்பன்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் கணவரைத் தெருமுனையில் நிறுத்திய இடம் வந்ததும் மூன்று முறையும் நானும் நின்றுவிட்டேன். அந்த ஜூலையில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்திலும் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்திலுமாக 350-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டர்பனில் நம் ஆட்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் தலை குனிகிறது. பயந்துபோய்த்தான் பலர் காவல் நின்றார்கள், தெரியும். ஆனாலும் தன் வீட்டுக்குத் திரும்பிய மனிதரை யார் வீட்டுக்கு என்று கேட்டது தவறு. இதைச் சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பதில் ஜோகன்னஸ்பர்க். ஆனால் ஊர் பெயரைச் சொல்வதோடு விஷயம் முடியாது, அதற்குள் எந்தத் தெரு என்பதில்தான் பாதி இருக்கிறது.

நம் நாட்டு ஊர்களை யார் எப்படிக் கட்டினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சாட்ஸ்வொர்த்தும் உம்லாசியும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். டர்பனின் கேட்டோ மேனரில் கலந்து கிடந்த மக்களை 1950-ம் வருடத்துக் குழுப் பகுதிச் சட்டம் பிரித்து, இந்தியர் இந்தப் பக்கம், ஆப்பிரிக்கர் அந்தப் பக்கம் என்று கொண்டுபோய்ப் போட்டது. உங்கள் அம்மா வயதுக்காரர்களுக்கு அந்த லாரிகள் ஞாபகம் இருக்கும். கலப்புத் திருமணத் தடைச் சட்டம் 1985-ல் போனது, குழுப் பகுதிச் சட்டம் 1991-ல் போனது. சட்டங்கள் போன பிறகும் தெருக்கள் போட்டபடியே கிடக்கின்றன. இந்தியருக்கென்று ஒதுக்கிய பகுதிகளாக ஜோகன்னஸ்பர்கில் லெனேசியா, கேப்டவுனில் ரைலண்ட்ஸ் என்று எங்கே போனாலும் அந்தக் கோட்டின் மிச்சம் இருக்கும். அதனால் ஒரு ஊர் முழுவதும் நல்ல ஊர், இன்னொன்று முழுவதும் கெட்ட ஊர் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எனக்கு இது பட்டறிவு. 1993-ல் நாங்கள் டொங்காட்டிலிருந்து ஜோகன்னஸ்பர்குக்குக் குடிபோனோம். போனில் பேசியபோது வீடு காலியாக இருக்கிறது என்றார் ஒரு வீட்டுக்காரர். நேரில் போய் நின்றதும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, நேற்றே போய்விட்டதே என்றார். ஜன்னலில் 'வாடகைக்கு' அட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கைக்குழந்தையோடு நடந்து வந்துகொண்டிருந்தபோது இரண்டு தெரு தள்ளி ஒரு வெள்ளைக்காரக் கிழவி, யாரைத் தேடுகிறீர்கள் என்று விசாரித்தார். தன் வீட்டுப் பின்பகுதியைத் திறந்து காட்டினார். சாவியைக் கொடுக்கும்போது, பின்னால் இருக்கிற மல்பெரி மரத்தை மட்டும் வெட்டாதீர்கள் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒன்பது வருடம் அங்கே இருந்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டே தெருதான்.

இப்போது ஜோகன்னஸ்பர்க் ஏன் என்று சொல்கிறேன். முதல் காரணம் உங்கள் மகளின் படிப்பு. டர்பன் பள்ளியில் ஆங்கிலத்தோடு ஜூலுவை இரண்டாம் மொழியாகப் படித்திருப்பாள் என்று நினைக்கிறேன். கௌட்டெங்கில் அதிகம் பேர் வீட்டில் பேசும் மொழி ஜூலுதான்; அதை இரண்டாம் மொழியாகச் சொல்லித்தரும் உயர்நிலைப் பள்ளிகள் நிறைய உண்டு. கேப்டவுனில் பெரும்பாலும் ஆப்பிரிக்கான்ஸ் இருக்கும், இல்லாவிட்டால் கோசா. எட்டாம் வகுப்பில் புதிய ஊர், புதிய பள்ளி, கூடவே புதிதாக ஆப்பிரிக்கான்ஸ் என்றால் பிள்ளைக்கு மூச்சுமுட்டும். அப்பா வீட்டு மொழியில் அவளுக்கு இருக்கும் பிடிமானமும் அங்கே தளர்ந்துபோகும்.

அடுத்தது தூரம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சுமார் 570 கிலோமீட்டர், காரில் ஆறு மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் நடு இரவுக்குள் உம்லாசியில் இருக்கலாம். கேப்டவுன் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். உங்கள் இரண்டு குடும்பமும் சாவுக்கும் சடங்குக்கும் கூடுகிற குடும்பங்கள். ஒவ்வொரு தடவையும் ஐந்து பேருக்கு விமான டிக்கெட் என்றால், நாளடைவில் அவர் மட்டும் தனியாகப் போய்வர ஆரம்பிப்பார். அது உங்கள் வீட்டுக்கு நல்லதில்லை.

கேப்டவுனைக் குறை சொல்லவில்லை. ரைலண்ட்ஸில் சிவாலயம் இருக்கிறது. அப்சர்வேட்டரி, உட்ஸ்டாக் பக்கமெல்லாம் நிறவெறிக் காலத்திலேயே ஓரளவு கலந்து வாழ்ந்த பகுதிகள். ஜூலுவும் கோசாவும் நெருங்கிய மொழிகள், உங்கள் கணவருக்குப் பேச்சில் சிரமம் இருக்காது. ஆனால் நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் வீட்டு வாடகை அங்கே கடுமை. அதைவிட, கறுப்பினத்தவர் பெரும்பாலோர் வெகு தொலைவில் தனியே வாழ, நடுத்தர வர்க்கக் குடியிருப்பில் உங்கள் கணவர் ஒருவர் மட்டும் தனித்துத் தெரியும் தெருக்கள் அங்கே அதிகம். ஒரு தெருமுனை அனுபவம் போதும் அவருக்கு.

இனி ஜோகன்னஸ்பர்கில் எங்கே? அம்மா லெனேசியா என்பார். கோயில், கடை, தெரிந்த முகம் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அம்மாவுக்கு வசதியான இடம் மருமகனுக்கு மறுபடியும் அதே தெருமுனையாகிவிடக் கூடாது. மிட்ரண்ட், தெற்கே மாண்டியோர், வின்செஸ்டர் ஹில்ஸ், கிழக்கே கென்சிங்டன் இவற்றை முதலில் பாருங்கள். எல்லா நிறத்துக் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தெருக்களை இங்கேதான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் வாடகைக்கே இருங்கள், எதையும் வாங்காதீர்கள்.

வீடு பார்க்கப் போகும்போது அந்தத் தெருவின் வாட்ஸ்அப் குழுவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். பாதுகாப்புக்காக எல்லாத் தெருவிலும் ஒன்று இருக்கும். அதில் 'பிராவோ மேல்' என்று எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். கறுப்பின ஆண் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சங்கேதம் அது. சாயங்காலம் சும்மா நடந்து போனவரைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்களா? அப்படியென்றால் அந்த வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். உங்கள் கணவர் ஒருநாள் அந்தப் படத்தில் இருப்பார். திருட்டு பயம் அங்கே உண்மைதான், அதை மறைக்கவில்லை. போலீஸ் நிலையத்தோடு சேர்ந்து நடக்கும் சமூகக் காவல் மன்றக் கூட்டம் ஒன்றுக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள், தெருவின் குணமும் திருட்டின் நிலவரமும் ஒரே மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பள்ளிக்குப் போன் செய்யும்போது மகளின் பெயரைச் சுருக்காமல் முழுதாகச் சொல்லுங்கள், ஜூலுப் பெயரும் தமிழ்ப் பெயருமாக. "எப்படி உச்சரிக்க வேண்டும்?" என்று கேட்கிற அலுவலகம் ஒரு வகை. "கூப்பிடச் சின்னப் பெயர் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிற அலுவலகம் இன்னொரு வகை. அப்புறம் இரண்டு கேள்வி கேளுங்கள். பெண்ணுக்கு மூக்குத்தி போட்டால் அனுமதிப்பீர்களா? அப்பா வீட்டுச் சடங்கு முடிந்து கையில் இசிபாண்ட்லா, அதாவது ஆட்டுத்தோல் காப்பு, கட்டி வந்தால் அனுமதிப்பீர்களா? மூக்குத்தி விஷயத்தில் உங்களுக்குச் சட்டமே துணை. டர்பனில் ஒரு தமிழ் மாணவியின் மூக்குத்தியைப் பள்ளி தடுத்தபோது அவள் தாய் வழக்குப் போட்டார். 2007-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தாய் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தென்னிந்தியக் குடும்ப மரபுக்காகக் கேட்ட விலக்கைப் பள்ளி மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதினார். ஆனால் நீதிமன்றம் வரை போகத் தேவையில்லாத பள்ளியில் சேர்ப்பதுதான் பிள்ளைக்கு நிம்மதி. விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். எட்டாம் வகுப்புக்கும் முதல் வகுப்புக்கும் கௌட்டெங்கில் இணையவழி விண்ணப்பம் ஆண்டின் நடுவில் திறக்கும், கேப்டவுன் இருக்கும் மேற்குக் கேப்பில் அதற்கும் முன்பே முடிந்துவிடும்.

வீடு எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை, நான் சொல்கிறேன்: முற்றம் வேண்டும். மிட்ரண்டில் காம்ப்ளெக்ஸ் வீடுகள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மேளம் கூடாது, புகை கூடாது, விருந்தாளி இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று பாடி கார்ப்பரேட், அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்தின், விதி இருக்கும். உங்கள் வீட்டில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும், முனீஸ்வரனுக்குப் பூசை போட வேண்டும். அவர் பக்கம் இம்பெலெகோ, அதாவது குழந்தையை முன்னோருக்கு அறிமுகப்படுத்தும் சடங்கு, என்றால் ஆடு வெட்ட வேண்டும். இரண்டுக்கும் அதே பின்முற்றம்தான், அதே அண்டா, அதே விறகடுப்பு. ஒரு மலைவேம்பு மரமும் இருந்துவிட்டால் அம்மாவுக்கு மனம் நிறைந்துவிடும். வேப்பிலைக்குப் பதிலாக இந்த நாட்டில் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வைத்துக் கும்பிடுவது சிரிங்கா என்று இங்கே சொல்லும் அந்த மர இலையைத்தானே. ஆடு வெட்டுவதென்றால் நகராட்சிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், அக்கம்பக்கத்திலும் சொல்லிவிடுங்கள். சொல்லப் போகும்போதே எப்படிப்பட்ட அக்கம்பக்கம் என்று புரிந்துவிடும்.

அம்மாவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மெல்ரோஸில் பழைய முருகன் கோயில் இருக்கிறது. பிரிட்டோரியா மராபாஸ்டாடில் கோபுரத்தோடு மாரியம்மன் கோயில் இருக்கிறது, மிட்ரண்டிலிருந்து எட்டிப் போகலாம். சன்னிங்ஹில், ஃபோர்வேஸ் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த குடும்பங்கள் இருக்கிறார்கள். அவர்கள் தமிழும் அம்மாவின் தமிழும் வேறுதான், ஒரு வாரத்தில் பழகிவிடும். தில்லையாடி வள்ளியம்மை பிறந்த ஊர் ஜோகன்னஸ்பர்க் என்று அவரிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் கல்லறை பிராம்ஃபொன்டைனில் இருக்கிறது, ஒரு நாள் பூ எடுத்துக்கொண்டு போய்வாருங்கள். சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டைத்தான் அம்மா தேடுவார், அதற்கு மாற்று எதுவும் எனக்குத் தெரியாது. கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் கொண்டுபோங்கள், தரையில் வைக்காதீர்கள். ஜூனில் உறைபனி விழும், ஒரே ராத்திரியில் கருகிவிடும். என்னுடையது அப்படிப் போனதுதான். ஊர் 1,700 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் அம்மாவுக்கு மூச்சோ இதயமோ தொந்தரவு இருந்தால் டாக்டரை மட்டும் கேட்டுவிடுங்கள்.

மகளிடம் பொய் சொல்லாதீர்கள். 'நீ என்ன ஆள்?' என்று கேட்காத ஊர் இந்த நாட்டில் இல்லை. பள்ளிப் படிவத்திலேயே ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர், வெள்ளையர் என்று கட்டம் போட்டுக் கேட்பார்கள். எதில் குறியிடுவது என்று அவளை உட்கார வைத்துப் பேசுங்கள், அவளுக்குத் தெரியாமல் நிரப்பி அனுப்பாதீர்கள். ஜோகன்னஸ்பர்கில் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கடையிலும் டாக்சியிலும் முன்பின் தெரியாதவர்கள் முதலில் ஜூலுவில் பேசிப் பார்ப்பார்கள். அவளால் பதில் சொல்ல முடியும். பெரும்பாலும் பேச்சு அங்கிருந்து நல்லபடியாகவே போகும். பள்ளி நடக்கிற ஒரு வாரத்தில் லீவு எடுத்து அவளையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று நாள் தங்குங்கள். மதியம் இரண்டு மணிக்குப் பள்ளி வாசலில் நின்று, யார் யாரோடு சேர்ந்து வெளியே வருகிறார்கள் என்று அவளே பார்க்கட்டும். நம் கண்ணுக்குப் படாதது அவள் கண்ணுக்குப் படும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், மகள் என்ன சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் எந்த ஊரைச் சொல்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தத் தெருமுனையைப் பற்றி அவர் பேசவே இல்லையா, அல்லது நீங்கள் யாரும் கேட்கவில்லையா? பிள்ளைகள் தூங்கிய பிறகு இன்று இரவே கேளுங்கள். அவர் கேப்டவுன் என்று சொன்னால், நான் மேலே எழுதியதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதை முழுதாகக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். கேப்டவுனில் எந்தத் தெரு என்று சேர்ந்து பார்ப்போம்.