பழைய டாட்டா-மெர்சிடிஸ் லாரி: செல்ஃப் சுற்றுகிறது, நாசலுக்கு டீசல் வரவில்லை

அண்ணே, இருபது வருஷம் ஷெட்டில் நின்ற வண்டி, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, டேங்கைக் கழுவி ஃபில்டர் மாற்றி டீசல் லைனில் இருந்த ஏரை எடுத்தும் நாசலுக்கு, அதாவது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைக்கு, டீசல் வரவில்லை என்கிறீர்கள். முதலில் எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் இழுத்த நிலையிலேயே துருப்பிடித்து நிற்கிறதா பாருங்கள். அது சரியென்றால் பெரும்பாலும் டீசல் பம்புக்குள் ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) ஒட்டியிருக்கும்; பழைய டீசல் காய்ந்தால் பிசின்தான்.

பம்பின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ராக்கும், டீசலை அழுத்தித் தள்ளும் ஆறு பிளஞ்சர்களின் ஸ்பிரிங்கும் தெரியும். ராக் விரலால் தள்ளினாலே இரு பக்கமும் வழுக்கி ஓட வேண்டும். ஓடாவிட்டால் டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) சரிபாதி கலந்து ஊற்றி, ஒரு நாள் ஊறவிட்டு மெல்ல அசையுங்கள். சுத்தியலைத் தொடவே வேண்டாம். மேலே ஏறிய பிளஞ்சர், ஸ்பிரிங் தள்ளியும் இறங்கவில்லையா, பம்பைக் கழற்றி பம்ப் சர்வீஸ் கடைக்கு அனுப்புங்கள். வேலை முடிந்ததும் பம்பின் அடியில் உள்ள ஆயிலை மாற்றிவிடுங்கள், டீசல் கலந்திருக்கும்.

ராக் ஃபுல் டீசலில் சிக்கினால் எஞ்சின் பிய்த்துக்கொண்டு ஓடும், சாவிக்கு நிற்காது. அதனால் ஏர் கிளீனரைக் கழற்றி, காற்று போகும் வாயை அடைக்கத் தடித்த பலகையோடு ஒரு ஆளை நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கையால் அடைக்கக் கூடாது. துணியென்றால் உள்ளே இழுத்துவிடும்.

நாசலுக்கு வரும் பைப்பின் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, பத்து பத்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். டீசல் துப்பியதும் இறுக்குங்கள். பீய்ச்சும் இடத்தில் விரல் வைக்காதீர்கள், தோலைத் துளைத்துவிடும்.

டீசல் வந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால், ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். பழைய வகை தொடராக இணைத்தது, ஒன்று போனால் ஆறும் சூடாகாது.