32.2-இல் அந்த 2 என்ன?

கேள்வி: அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் அணியில் என் மகன் பிட்ச்சர் (பந்து வீசுபவர்). இந்த சீசனில் 32.2 இன்னிங்ஸ், 14 எர்ன்ட் ரன் (பிட்ச்சர் பொறுப்பில் எழுதப்படும் ரன்). நான் கணக்குப் போட்டால் ஈ.ஆர்.ஏ. (ஓர் ஆட்டத்துக்குச் சராசரி எர்ன்ட் ரன்) 3.91. பள்ளித் தாளில் 3.00. எது சரி?

பதில்: பள்ளிதான். நீங்கள் இரண்டு இடத்தில் இடறியிருக்கிறீர்கள்.

புள்ளிக்குப் பின்னால் உள்ள 2, பத்தில் இரண்டு அல்ல, இரண்டு அவுட். கிரிக்கெட்டில் 4.2 ஓவர் என்றால் நாலு ஓவர், இரண்டு பந்து என்றுதானே படிக்கிறோம்? ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். பேசாமல் அவுட்டை எண்ணிவிடுங்கள்: 32 × 3 + 2 = 98. 14-ஐ 27-ஆல் பெருக்கி 98-ஆல் வகுத்தால் 3.86.

அந்த 27, ஒன்பது இன்னிங்ஸின் அவுட்கள். பள்ளி ஆட்டமோ ஏழு இன்னிங்ஸ், 21 அவுட். 14 × 21 ÷ 98 = 3.00. பையன் அதே பையன், வீசியதும் அதே பந்து!

கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம்தான் தோது. இந்த 3.00-ஐ மேஜர் லீக் (அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால்) எண்களுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். 2018-இல் அந்த லீக்கின் பிட்ச்சர் ஜேக்கப் டிகிராம் எடுத்த ஈ.ஆர்.ஏ. 1.70, ஒன்பது இன்னிங்ஸ் கணக்கு. 'எத்தனை இன்னிங்ஸுக்கு?' என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, அந்த 14 சரிதானா என்றும் பாருங்கள். ஃபீல்டரின் எரரால் (தவறால்) வந்த ரன் பிட்ச்சர் தலையில் விழாது. இரண்டு அவுட் ஆனபின் சுலபமான கேட்ச் ஒன்றை ஃபீல்டர் நழுவவிட்டார் என்று வையுங்கள். இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அதனால் பிறகு உங்கள் மகன் மூன்று ஹோம் ரன் கொடுத்தாலும் ஒன்றுகூட எர்ன்ட் ரன் ஆகாது. ஆனால் அந்த எரருக்குப் பின் வேறொரு பிட்ச்சர் வந்தால் அவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் வீசும்போது பேஸை எட்டிய பேட்டர் ஓடி எடுத்த ரன் அவர் கணக்கில் எர்ன்ட் ரன். ஆனால் அணியின் கணக்கில் அது எர்ன்ட் ரன் ஆகாது. ஒரே ரன்னுக்கு இரண்டு பெயர்! இந்த விதியை எழுதினவர்கள் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து ஸ்கோர் குறித்திருக்க மாட்டார்கள். அங்கே குறிப்பவர் பெரும்பாலும் கையில் ஆப் வைத்திருக்கும் யாரோ ஒரு பெற்றோர். தன் பிள்ளை நழுவவிட்டதை எரர் என்று எழுத அவருக்கு மனசு வராது. மாதக் கடைசியில் அல்ல, ஆட்டம் முடிந்த அன்றே ஸ்கோர் தாளைப் பார்த்துக் கேளுங்கள்.