ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டது, சாவியும் திரும்பவில்லை. ஏன்?

பூட்டிக்கொள்வது நீங்கள் பிடிக்கும் வீல் அல்ல, அதன் பின்னால் இருக்கும் தண்டு.  

சாவியை உருவியபின் வீலைச் சற்றுத் திருப்பினால், ஸ்பிரிங் தள்ளும் இரும்பு முளை ஒன்று தண்டிலுள்ள காடியில் விழும். திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு இது. முன்சக்கரம் ஒரு பக்கம் திரும்பிய நிலையிலோ கல்லில் முட்டியோ நின்றால், தண்டின் முறுக்கு முளையை ஒரு பக்கமாக நெருக்கும், சாவி அசையாது. பலத்தைக் காட்டினால் முறிவது சாவிதான். வீலை இருபுறமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் இடம் கொடுக்கும் பக்கம் பிடித்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள்.

பட்டன் ஸ்டார்ட் கார்கள் பலவற்றில் முளையை இழுப்பது சிறு மோட்டார். 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தால் அதுவும் அசையாது. ஓடும்போது எஞ்சின் அணைந்து ஸ்டீயரிங் கனத்தால் அது பூட்டல்ல, வீலை எளிதாகத் திருப்ப வைக்கும் பவர் உதவி நின்றுவிட்டது. பலமாகத் திருப்பினால் திரும்பும். அப்போது சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள்.